அசெஸ்மென்ட் சென்டர் அழைப்பு வந்தால்: வடசென்னைப் பட்டதாரிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆன்லைன் டெஸ்ட் முடிந்து, "அடுத்த கட்டமாக அசெஸ்மென்ட் சென்டருக்கு வரவும்" என்று மெயில் வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, யூடியூபில் ஹெச்ஆர் கேள்வி பதில் வீடியோக்களைத் தேடுவது. வீண் வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாளில் இன்டர்வியூ ஒரு பகுதிதான். மீதி நேரத்தில் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டு, அதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இது மனசில் பதிந்துவிட்டால் தயாராகும் விதமே மாறிவிடும். உள்ளுக்குள் எவ்வளவு திறமை இருந்தாலும் அது வாயிலோ பேப்பரிலோ வெளியே வராவிட்டால் அவர்களால் எழுத முடியாது. எழுதாததற்கு மார்க் கிடையாது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: செய்த காரியங்கள் நிறைய, அதை எடுத்து வைக்கும் பழக்கம் குறைவு.

முதலில், இது என்ன கூத்து?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. ஆட்களைச் சில நாள் ஒரே இடத்தில் தங்கவைத்து, குழுவாக வேலை கொடுத்துக் கவனித்தார்கள். 1956-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி இதே யோசனையை மேலாளர்களை எடைபோடப் பயன்படுத்தத் தொடங்கியது. அங்கிருந்து கம்பெனிகளுக்குப் பரவியது. நம் நாட்டில் இதன் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி தேர்வுதான். 5 நாள், 15 குணங்கள், மனோதத்துவ டெஸ்ட், மைதானத்தில் குழுவாகச் செய்யும் வேலைகள், நேர்காணல். பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். உங்கள் தெருவில் எஸ்எஸ்பி போய்வந்த அண்ணன் யாராவது இருந்தால், தேர்வானாரோ இல்லையோ, உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தக் கோச்சிங் சென்டரும் தராத விவரம் கிடைக்கும்.

கம்பெனிகள் இதை அரை நாள் அல்லது ஒரு நாளாகச் சுருக்கிவிட்டன. குழு விவாதம் (ஜிடி), இன்-ட்ரே (குவிந்து கிடக்கும் மெயில்களுக்கு முன்னுரிமை போடுவது), கேஸ் ஸ்டடி, பிரசன்டேஷன், ரோல் பிளே, நேர்காணல் ஆகியவற்றில் மூன்று நான்கு இருக்கும். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிற ஐடி கம்பெனிகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. ஆன்லைன் டெஸ்ட், இன்டர்வியூ, முடிந்தது. வங்கி, நுகர்பொருள் கம்பெனி, ஆலோசனை நிறுவனம், வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை மையம், உற்பத்தித் தொழிற்சாலை இவற்றில் டிரெய்னி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் முழு அசெஸ்மென்ட் சென்டர் வாய்க்கும். ஆகவே வந்த மெயிலை நன்றாகப் படியுங்கள். பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். உள்ளே ஒரு ஜிடியும் ஒரு இன்டர்வியூவும் மட்டும் இருக்கலாம்.

மார்க் போடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி நான்கைந்து குணங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடும்: குழுவாக வேலை செய்தல், பிரச்சினையை அலசுதல், பேச்சுத் தெளிவு, வாடிக்கையாளர் மேல் அக்கறை, தாங்கு திறன் மாதிரி. ஒவ்வொரு குணத்தையும் குறைந்தது இரண்டு பயிற்சிகளில், வேறு வேறு ஆட்கள் பார்ப்பார்கள். காலையில் ஜிடியில் உங்களைப் பார்த்தவர் மதியம் பிரசன்டேஷனுக்குப் பெரும்பாலும் இருக்கமாட்டார். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து அவரவர் எழுதியதை ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள். ஒரு பயிற்சி சொதப்பினால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை என்பது இதனால்தான்.

மெயில் வந்த அன்றே

வருகிறேன் என்று அன்றைக்கே பதில் போடுங்கள். மெயிலில் இல்லாததைக் கேட்கத் தயங்காதீர்கள்: என்னென்ன பயிற்சிகள், லேப்டாப் கொண்டுவர வேண்டுமா, எத்தனை மணிக்கு முடியும். மூன்று வரியில் மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பார்வை, கேட்கும் திறன், நடமாட்டம் என்று ஏதாவது உதவி தேவைப்பட்டால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அவர்களாலும் உடனே ஏற்பாடு செய்ய முடியாது.

மெயில் உண்மையானதா என்றும் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெய்னிங் டெபாசிட், லேப்டாப் செக்யூரிட்டி என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. "தெரிஞ்ச ஆள் மூலமா உள்ளே தள்ளிவிடுறேன்" என்று சொல்லிக்கொண்டு நம் ஏரியாவில் சுற்றுகிறவர்களும் இதே ரகம்தான். அனுப்பிய முகவரி கம்பெனியின் சொந்த டொமைனா, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அந்த வேலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

வேலை விளம்பரத்தைப் பிரித்துப் போடுங்கள்

என்னென்ன குணங்களைத் தேடுகிறார்கள் என்பது ரகசியம் இல்லை. விளம்பரத்திலேயே பாதி இருக்கும். பிரின்ட் எடுத்து, பேனாவால் கோடிட்டுப் படியுங்கள். "பல துறைகளோடு இணைந்து பணியாற்றுவார்" என்றால் குழு வேலை. "தரவுகளைக் கொண்டு முடிவெடுக்க உதவுவார்" என்றால் அலசல். "வேகமாக மாறும் சூழலில்" என்றால் வேலை குவியும் என்று அர்த்தம். திணறாமல் முன்னுரிமை போடத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு இன்-ட்ரே வரும்.

ஒரு நோட்டில் இடப்பக்கம் அந்தக் குணங்களை எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் நடந்த இரண்டு சம்பவங்கள். இங்கேதான் பலர் பேனாவை வைத்துவிடுகிறார்கள். "நான் என்ன செஞ்சிருக்கேன் சார், காலேஜ் போனேன், வந்தேன்" என்பார்கள். கொஞ்சம் தோண்டினால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அண்ணன்களோடு சேர்ந்து சாப்பாடு விநியோகித்தது, மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023-ல் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது பாதிக்கப்பட்ட வீடுகளின் விவரத்தைக் குறித்துக் கொடுத்தது, தெரு கேரம் டோர்னமென்டுக்கு ஆள் சேர்த்தது, வியாசர்பாடி ஃபுட்பால் டீமில் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்தது என்று வரும். மினரல் வாட்டர் கேன் போட்டுக்கொண்டே டிகிரி முடித்தவன், அதைச் சொல்லலாமா என்று வெட்கத்தோடு கேட்பான். சொல்லலாமா என்ன, அதைத்தான் சொல்ல வேண்டும். கல்ச்சுரல்ஸில் வாலன்டியராக இருந்தேன் என்று அறையில் இருக்கிற எல்லோரும் சொல்வார்கள்.

சம்பவம் இருந்தால் போதாது, சொல்லும் முறை வேண்டும். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது. ஸ்டார் முறை என்று இதைச் சொல்வார்கள். முதல் இரண்டும் சேர்ந்து மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. நேரம் முழுக்க மூன்றாவதற்கு.

ஓர் உதாரணம். ஒரு மாணவன் இப்படிச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம்: "எங்க அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து வந்து வீடு வீடா விப்பாங்க. நான் ஹெல்ப் பண்ணுவேன்." எதிரே இருப்பவரால் இதில் எதையும் குறித்துக்கொள்ள முடியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அம்மா கடனுக்குக் கொடுத்த மீனுக்குப் பணம் வாரக்கணக்கில் வராமல் நின்றது. மறுநாள் ஏலத்தில் மீன் எடுக்க வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை. நான் ஒரு நோட்டுப் போட்டு யார் எவ்வளவு பாக்கி என்று ஒரு மாதம் எழுதினேன். 23 வீட்டில் 6 வீடுதான் முக்கால்வாசிப் பாக்கி வைத்திருந்தது. அவர்களுக்குச் சம்பளம் வரும் தேதியை விசாரித்து, மறுநாளே போய்க் கேட்கலாம் என்றேன். வாடிக்கை போய்விடும் என்று அம்மா பயந்தார். சரி, இரண்டு வீட்டில் மட்டும் முயன்று பார்ப்போம் என்று சம்மதிக்க வைத்தேன். மூன்று மாதத்தில் பாக்கி பாதியானது. வட்டிக்கு வாங்குவது நின்றது."

சம்பவம் அதேதான். இப்போது தரவு சேகரித்தது, எங்கே பிரச்சினை என்று கண்டுபிடித்தது, மறுத்தவரைச் சம்மதிக்க வைத்தது, சின்ன அளவில் சோதித்தது என்று நான்கு விஷயம் எழுதலாம். குழுவாகச் செய்த காரியமாக இருந்தால் உங்கள் பங்கு எது என்பதைத் தனியே பிரித்துச் சொல்லுங்கள். நம் ஊரில் தன் பங்கை எடுத்துச் சொல்வதைத் தம்பட்டம் என்று நினைத்து அடக்கிவாசிக்கிறோம். அங்கே அந்த அடக்கத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். பொய் மட்டும் கலக்காதீர்கள். நான்காவது குறுக்குக் கேள்வியில் கழன்றுவிடும்.

ஆப்டிட்யூட்: ஏற்கெனவே எழுதியதை மறுபடி எழுத வைப்பார்கள்

வீட்டில் எழுதிய டெஸ்டை வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்களா என்று சரிபார்க்க, சில இடங்களில் சின்ன டெஸ்ட் ஒன்றை நேரில் வைப்பார்கள். விழுக்காடு, விகிதம், அட்டவணையும் வரைபடமும் படித்துப் பதில் சொல்வது இவைதான் அதிகம் வரும். கால்குலேட்டர் இல்லாமல் பழகுங்கள். 2,450-ல் 18 விழுக்காடு என்றால் பேப்பரில் பெருக்க வேண்டாம்: 20 விழுக்காடு 490, 2 விழுக்காடு 49, கழித்தால் 441. தினம் அரை மணி நேரம், கடிகாரம் வைத்து. கடிகாரம் இல்லாத பயிற்சி பயிற்சியே இல்லை. நெகட்டிவ் மார்க் உண்டா என்பதைப் பார்த்த பிறகு ஊகத்தில் இறங்குங்கள்.

பர்சனாலிட்டி கேள்வித்தாளில் நல்ல பிள்ளை வேஷம் போடாதீர்கள். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும்படிதான் பல கேள்வித்தாள்களை அமைத்திருக்கிறார்கள்.

குழு விவாதம்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி. 20 முதல் 40 நிமிடம். கல்லூரி ஜிடியில் "சமூக ஊடகம் நல்லதா கெட்டதா" என்று தலைப்புக் கொடுப்பார்கள். இங்கே பெரும்பாலும் ஒரு பிரச்சினையைக் கொடுத்து முடிவு கேட்பார்கள். நான்கு திட்டங்கள், பணம் இரண்டுக்குத்தான் போதும், எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்கிற மாதிரி. சில நேரம் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு தகவல் தாள் இருக்கும். அதை வெளியே சொன்னால்தான் குழுவுக்கு முழுப் படம் கிடைக்கும்.

சுவரோரம் உட்கார்ந்திருப்பவரின் தாளில் என்ன இருக்கும் தெரியுமா? "நன்றாகப் பேசினார்" என்று இருக்காது. கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"10.14: 3-ம் எண், இரண்டு திட்டமும் சேர்ந்தால் 6.2 லட்சம், நம்மிடம் 5 லட்சம்தான் என்று சுட்டினார். 10.16: 5-ம் எண் பேச வாயெடுத்ததைக் கவனித்து அவருக்கு இடம் விட்டார். 10.21: 1-ம் எண் சொன்ன ஆட்சேபத்தை ஏற்று, தன் யோசனையை மாற்றிக்கொண்டார். 10.25: 6-ம் எண்ணை இருமுறை இடைமறித்தார்."

நீங்கள்தான் அந்த 3-ம் எண் என்றால், முதல் மூன்றும் உங்கள் கணக்கில் வரவு, நான்காவது பற்று. இதை வைத்துப் பார்த்தால் எதைப் பழக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையாவது வாயைத் திறந்துவிடுங்கள். எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு கஷ்டமாகும். பெரிய கருத்தாக இருக்க வேண்டியதில்லை. "நம்மிடம் 30 நிமிடம் இருக்கிறது, முதல் 5 நிமிடம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று பேசிவிடலாமா?" என்று ஆரம்பித்தால் அதுவே நல்ல பங்களிப்பு. நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டால் கடைசி வரை பார்க்க வேண்டும். பாதியில் மறந்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

நம் டீக்கடை விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், எல்லோருக்கும் எல்லாம் புரியும். அங்கே அது சண்டை மாதிரித் தெரியும். அடுத்தவர் முடித்த பிறகு, அவர் சொன்னதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். சத்தமாகப் பேசி எல்லோரையும் அமுக்குகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "உங்கள் கருத்துப் புரிந்தது, இன்னும் இரண்டு பேர் பேசவில்லை, அவர்களையும் கேட்டுவிடுவோம்" என்றால் போதும். ஆனால் பேசாமல் இருப்பவரை, அவர் தயாரா என்று பார்க்காமல் விரல் நீட்டிக் கூப்பிடுவதும் தப்பு. சிலர் மார்க்குக்காகவே அப்படிச் செய்வார்கள். பார்க்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

வீட்டில் தனியாகப் பழக முடியாத ஒரே பயிற்சி இதுதான். ஐந்தாறு பேரைச் சேருங்கள். கல்லூரி வகுப்பறை, மாநகராட்சிப் பூங்கா, யார் வீட்டு மொட்டைமாடியாக இருந்தாலும் சரி. தலைப்பை நம் ஊரிலிருந்தே எடுக்கலாம்: வார்டுக்கு 50 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள், மழைநீர் வடிகால் சீரமைப்பு, படிப்பகம், உடற்பயிற்சிக் கூடம், தெருவிளக்கு, இதில் எவை இரண்டு? ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் வேறு வேறு செலவு விவரம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் விவாதத்தில் சேராமல் நோட்டும் கையுமாக ஓரமாக உட்கார்ந்து, மேலே காட்டிய மாதிரி நேரம் போட்டு எழுத வேண்டும். கருத்து எழுதக் கூடாது, நடந்ததை மட்டும். முடிந்ததும் படித்துக்காட்ட வேண்டும். அந்த நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்தால் போதும், மச்சான் எத்தனை முறை இடைமறிக்கிறான், தான் எத்தனை நிமிடம் மௌனமாக இருக்கிறோம் என்பதெல்லாம் கண்ணில் படும். ஆறு முறை பேசிப் பழகுவதைவிட ஒரு முறை கவனித்து எழுதுவது அதிகம் கற்றுத்தரும் என்பது என் கட்சி.

இன்-ட்ரே: குவிந்து கிடக்கும் மெயில்கள்

பதினைந்து இருபது மெயில், மெமோ, குறிப்பு. ஒரு மணி நேரத்துக்குள் எதை முதலில் செய்வீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள், எதைத் தள்ளிப்போடுவீர்கள் என்று முடிவெடுத்துக் காரணத்தோடு எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் வந்தால் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புது மெயில்களும் வந்து விழும்.

முதல் மெயிலைப் படித்ததும் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. செய்யாதீர்கள். முதல் பத்து நிமிடம் அனைத்தையும் படிக்க மட்டும். ஏனென்றால் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுத்தான் எழுதியிருப்பார்கள். மணலியில் ஒரு கிடங்கில் நீங்கள் டிரெய்னி, திங்கட்கிழமை காலை 9 மணி, 11 மணிக்கு வெளியே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ம் மெயிலில் ஸ்ரீபெரும்புதூர் வாடிக்கையாளர், 40 பெட்டி இன்று மாலைக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து என்கிறார். 6-ம் மெயிலில் டிரைவர் இரண்டு நாள் லீவு. 9-ம் மெயிலில் மேலாளர், மாத அறிக்கை 12 மணிக்குள் வேண்டும் என்கிறார். 11-ம் மெயிலில் தரப் பிரிவு, அதே சரக்கில் ஒரு லாட்டில் பழுது, அனுப்பாதீர்கள் என்கிறது. 14-ம் மெயில் கேன்டீன் மெனு.

2-ஐ மட்டும் படித்துவிட்டு லாரியை அனுப்பியவர் மாட்டிக்கொண்டார். சரியாகப் போகிறவர் முதலில் தரப் பிரிவுக்குப் போன் போட்டு, 40 பெட்டியில் எத்தனை நல்ல லாட்டிலிருந்து கிடைக்கும் என்று கேட்பார். அப்புறம் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி, இருப்பதை இன்றைக்கும் மீதியை வேறு நாளிலும் அனுப்ப முடியுமா என்று பேசுவார். மாற்று டிரைவர் ஏற்பாட்டைச் சக ஊழியரிடம் ஒப்படைப்பார், எத்தனை மணிக்குள் தகவல் வேண்டும் என்றும் சொல்வார். மேலாளரிடம் அறிக்கைக்கு மாலை வரை நேரம் கேட்டு, காரணத்தையும் எழுதுவார். கேன்டீன் மெனுவைத் தொடவே மாட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி "ஏன்" இருந்தாக வேண்டும். உங்கள் முடிவு அவர்களுடைய முடிவோடு ஒத்துப்போகாவிட்டாலும் காரணம் சரியாக இருந்தால் மார்க் உண்டு.

கேஸ் ஸ்டடி, பிரசன்டேஷன், ரோல் பிளே

கேஸ் ஸ்டடிக்குக் கொடுக்கும் தாள்கட்டில் பாதிக்கு மேல் தேவையில்லாத விவரம் இருக்கும். கேள்வியை முதலில் படித்து, பிறகு தாள்களைப் புரட்டுங்கள். பேசும்போது "இரண்டாவது கடையை மூடலாம் என்பது என் பரிந்துரை, அதற்கு மூன்று காரணங்கள்" என்று முடிவை முதலில் வைத்துவிடுங்கள். கதை சொல்லிக் கடைசியில் முடிவுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். உங்கள் யோசனையில் இருக்கும் ஓட்டையை நீங்களே சொல்லி, அதை எப்படிச் சமாளிப்பது என்றும் சொன்னால் அடுத்து வரும் கேள்விகளின் காரம் குறையும்.

ரோல் பிளேயில் பெரும்பாலும் கோபமான வாடிக்கையாளர் அல்லது வேலையில் சுணங்கும் சக ஊழியர். நடிப்புத் திறமை தேவையில்லை. முழுசாகக் கேளுங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள், உங்கள் அதிகாரத்துக்கு மீறிய வாக்குறுதி கொடுக்காதீர்கள், அடுத்து யார் எப்போது என்ன செய்வது என்று முடிவு செய்துகொண்டு எழுந்திருங்கள்.

ஆங்கிலம்

இதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். போனில் வாடிக்கையாளரோடு பேசும் வாய்ஸ் பிராசஸ் மாதிரியான வேலைகளைத் தவிர மற்ற இடங்களில் உச்சரிப்புக்காக யாரையும் கழிப்பதில்லை. புரிகிறதா என்பதுதான் கணக்கு. வேகமாகப் பேசினால் நன்றாகத் தெரியும் என்று காட்டிக்கொள்ளலாம் என நினைத்து ஓடுவதுதான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது. பாதி வேகத்தில், சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். தினம் இருபது நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் சம்பவங்களை ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்து கேளுங்கள். மனப்பாடம் வேண்டாம், ஒரு வார்த்தை மறந்தால் முழுசும் நின்றுவிடும். வார்த்தை கிடைக்காதபோது நிறுத்தி, "வேறு விதமாகச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் என்று கேட்டால் "சென்னை" என்று மழுப்ப வேண்டாம். வியாசர்பாடி என்றால் வியாசர்பாடிதான். கேட்டவர் முகத்தில் ஏதாவது தெரிந்தால் அது அவர் பிரச்சினை. உங்கள் சம்பவங்கள் எல்லாம் அந்த ஊரில்தானே நடந்தவை, ஊரை மறைத்துவிட்டு அவற்றை எப்படிச் சொல்வீர்கள்?

முந்தைய நாளும் பயணமும்

நேரில் என்றால் இடம் பெரும்பாலும் தரமணி, ஓஎம்ஆர், கிண்டி, கிண்டிக்கு அப்பால். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ பெரிய வசதி. கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டாமல் நேரே கிண்டி வரை போய்விடலாம். அங்கிருந்து ஓஎம்ஆர் போகத்தான் நேரம் இழுக்கும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் சாலை சுருங்கியிருக்கிறது. சிறுசேரி என்றால் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்பு அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளை நம்பி வழி போட வேண்டாம்.

உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். எம்.சி. ரோட்டில் நல்ல ஃபார்மல் சட்டை கிடைக்கும். முன்பே ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஷூவையும்தான். புது ஷூ கடித்தால் நாள் முழுக்கக் கவனம் காலில்தான் இருக்கும். கையில் ஆதார், மதிப்பெண் பட்டியல்களின் நகல், இரண்டு பேனா, சாதாரணக் கைக்கடிகாரம். போனை எடுத்து நேரம் பார்க்க விடமாட்டார்கள்.

ஆன்லைனில் என்றால் வேறு கவலை. ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தமும் குக்கர் விசிலும் நடுவே ரோல் பிளே செய்ய முடியாது. கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லிடம் ஒரு அறை கேளுங்கள். தனி அறை இருக்கும் நண்பன் வீடும் ஆகும். கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரியான இடங்கள் தயாராக உதவும், ஆனால் கேமரா முன்னால் தனியாக இருக்க வேண்டிய தேர்வுக்குப் பொதுக் கூடம் சரிவராது. கரண்ட் போனால் என்ன செய்வது, நெட் போனால் யாருக்குப் போன் செய்வது என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு

மதிய உணவுக்கு மார்க் கிடையாது என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் மூலையில் போனோடு நிற்காதீர்கள். புது ஊழியர்கள் யாராவது கூடவே சாப்பிட வருவார்கள். முதல் ஆறு மாதம் என்ன வேலை கொடுத்தார்கள், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். மதிய நேர்காணலில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்றால் கேட்பதற்கு அங்கேயே சரக்குக் கிடைக்கும்.

முடிந்த பிறகு

அன்று இரவே, தூங்குவதற்கு முன், என்ன பயிற்சி வந்தது, எங்கே திணறினீர்கள் என்று எழுதிவிடுங்கள். கிடைக்கவில்லை என்று தகவல் வந்தால் எந்தக் குணத்தில் குறைந்தேன் என்று கேட்டு ஒரு மெயில் போடுங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள். தந்தால் அந்த இரண்டு வரி அடுத்த கம்பெனிக்கான தயாரிப்பில் பாதி.

கிடைத்துவிட்டால், ஆஃபர் லெட்டரில் சிடிசி தொகையை (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத்தை) பார்த்து வீட்டில் சொல்வதற்கு முன் கைக்கு வரும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், முன்பே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைச் சரிபார்க்கக் காட்டலாம். வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடமோ வக்கீலிடமோ அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.